ஐந்தாம் மாடியில் நின்ற மின்தூக்கி

ஜூலை 21, 2025, திங்கள்

காலையில் பொங்கோல் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும்போது, சேலை கட்டிய சீனச் சிறுமி ஒருத்தி, தோளிலிருந்து நழுவிய முந்தானையை ஒரு கையால் பிடித்தபடி பள்ளிக்குள் ஓடினாள். இன்று சிங்கப்பூரில் இன நல்லிணக்க நாள். 1964இல் இதே தேதியில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே வெடித்த கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தனர்.

அம்மாவுக்கு அப்போது 14 வயது. கேலாங் சிராய்க்கு அருகே ஒரு கம்பத்தில், அதாவது சிற்றூரில், குடியிருந்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகும் கம்பத்து முனையிலிருந்த சீனரின் மளிகைக்கடை திறக்கப்படவில்லை என்றும், அந்தக் குடும்பம் எங்கே போனது என்று கேட்கவே எல்லாரும் பயந்தார்கள் என்றும் அம்மா இப்போதும் சொல்வார். திருமணமாகித் தோ பாயோவுக்கு வரும்வரை வேற்றினத்தார் வீட்டு வாசலில் நின்று தாம் பேசியதே இல்லை என்பார். அந்தப் பயம் எப்படிப் போனது என்று இன்றிரவு தொலைபேசியில் கேட்டேன். "தினமும் அவங்க வாசலைத் தாண்டித்தானே வீட்டுக்கு வரணும்" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

அம்மாவின் வீடு ஏழாவது மாடியில் உள்ள மூவறை வீடு. நீளமான பழைய அடுக்குமாடி புளோக். ஒவ்வொரு மாடியிலும் எல்லா வாசல்களும் ஒரே தாழ்வாரத்தைப் பார்த்திருக்கும். நான் வளர்ந்த காலத்தில் மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டுமே நிற்கும். ஐந்தில் இறங்கி, அந்தத் தாழ்வாரத்தின் கோடிவரை நடந்து, படிக்கட்டில் இரண்டு மாடி ஏறினால்தான் எங்கள் வீடு.

அந்த நடையில் பன்னிரண்டு வாசல்களைக் கடப்போம். கதவுகள் பகல் முழுவதும் திறந்தே இருக்கும். இரும்புக் கிராதி மட்டும் சாத்தியிருக்கும். ஒரு வாசலில் சீனப் பாட்டி தரையில் நாளிதழை விரித்துத் தவ்கே எனும் முளைப்பயறின் வாலைக் கிள்ளிக்கொண்டிருப்பார், அடுத்த வீட்டில் பெலாச்சான் எனும் இறால் விழுது வறுபடும் நெடி மூக்கில் ஏறும், அதற்கும் அடுத்த வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை), நான் பள்ளிப் பையோடு போகும்போதெல்லாம் "சுடா மாக்கான்?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு அம்மா திணறிய ஒரு மாலையில், அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஐந்தாம் மாடிச் சீனர் ஒருவர் மூட்டையை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல்வரை வந்து இறக்கிவிட்டுப் போனார். அவருடைய மனைவிதான் பின்னர் எங்கள் அடுத்த வீட்டுக்கே குடிவந்த, அம்மா 'ஆ சோ' என்று அழைக்கும் தோழி. இருவரும் இன்றுவரை சந்தை மலாயில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. வெவ்வேறு குழுவினர் அருகருகே இருப்பதால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சமமான நிலையில், ஒரு பொதுவான தேவைக்காக, அதிகாரத்தின் ஆதரவோடு பழகினால்தான் குறையும் என்றார் அவர். அந்தத் தாழ்வாரத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே மின்தூக்கி, ஒரே அவதி.

2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் எங்கள் மின்தூக்கியும் எல்லா மாடிகளிலும் நிற்கத் தொடங்கியது. 75 வயதில் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்கு அது பெரிய உதவி. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பொங்கோலில் என் மாடியில் நான்கே வாசல்கள்தான் இருக்கின்றன, நான்கும் சாத்தியே இருக்கின்றன. எதிர்வீட்டாரின் பெயர் ஆறு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவை எங்களோடு அழைத்துக்கொள்வதற்காகத் தோ பாயோ வீட்டை விற்க முடிவு செய்திருக்கிறோம். செய்தி அறிந்த ஆ சோ, தம் மகனே வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆசையோடு சொன்னார். முகவர் கணினியில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தப் புளோக்கில் சீனர் விகிதம் உச்சவரம்பை எட்டிவிட்டது. இந்தியரான அம்மா சீனருக்கு விற்க முடியாது.

அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை விழுக்காடுவரை இருக்கலாம் என்று வரையறுக்கும், 1989 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் வேலை இது. அறிவித்தவர் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், நம்மவர். சீனருக்கு உச்சவரம்பு அக்கம்பக்கத்தில் 84, புளோக்கில் 87 விழுக்காடு. மலாய்க்காரருக்கு 22, 25. இந்தியருக்கும் பிறருக்கும் முதலில் 10, 13 என்றிருந்து, 2010இல் 12, 15 என உயர்ந்தது. இந்தக் கொள்கை வேண்டும் என்பதே என் கட்சி. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் சீனருக்கு ஒரு பக்கம், மலாய்க்காரருக்கு ஒரு பக்கம், தென்னிந்தியருக்குச் சூலியா கம்போங் என்று இனவாரியாகத்தான் நகரத்தைப் பிரித்தது. தானாக விட்டால் நகரம் மறுபடியும் அந்தக் கோடுகளுக்கே திரும்பும். ஆனால் அதன் விலையைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்குவோரில் பெரும்பாலோரைச் சட்டம் விலக்கும்போது வீட்டின் விலை இறங்குகிறது, காத்திருப்பு நீள்கிறது. விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைச் சில நிபந்தனைகளோடு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சீனர்கள் ஆவிகளுக்குப் படையலிடும் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. புளோக்கின் கீழே தகரத் தொட்டியில் காகிதப் பணம் எரிகிறது. சாம்பல் ஏழாம் மாடிவரை பறந்து வருகிறது. அம்மா சலித்துக்கொள்ளாமல் துணிகளை உள்ளே எடுத்து வைக்கிறார்.

கறிவாசனை தாங்கவில்லை என்று, சீனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் மீது புகார் செய்து, அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று சமரசமான செய்தி 2011இல் வெளியானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி சமைப்போம் என்று ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் திரண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆ சோவும் சமைத்தார். கறிவேப்பிலைக்கு அவருக்குக் கடை தேவைப்படவில்லை. அம்மாவின் வாசல் தொட்டியில்தான் எப்போதும் பறிப்பார். அதே ஊரில்தான், என் அக்கா மகன் வாடகை அறை தேடியபோது, இந்தியர் என்றதும் மூன்று வீட்டுக்காரர்கள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். யார் எந்தப் புளோக்கில் வீடு வாங்கலாம் என்பதை விகிதம் தீர்மானிக்கிறது. வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்பதை அது தொடுவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டைப் பார்க்க இதுவரை இரண்டு குடும்பங்கள் மட்டுமே வந்திருக்கின்றன. புகைப்படம் எடுப்பதற்காக வாசலைக் காலி செய்யும்படி முகவர் சொன்னதால், செடிகளைக் குப்பைக்கு அனுப்ப அம்மா அரைமனதோடு ஒப்புக்கொண்டிருந்தார். இன்று போனபோது மற்றவை இல்லை. கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் ஆ சோவின் வாசலில், அவருடைய செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. யார் நகர்த்தியது என்று கேட்டதற்கு, மகனைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன் என்றார் ஆ சோ. மதியம் ரசத்துக்குத் தாளிக்கும் நேரத்தில் அம்மா எழுந்துபோய், அவர் வீட்டுக் கிராதிக்கு வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு, இரண்டு இணுக்குப் பறித்துக்கொண்டு வந்தார்.