பஃபலோவில் கலப்பத்து அடிக்கிற சத்தம்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோவுக்குக் குடிவருகிறோம் என்றதும் எல்லோரும் பனியைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். பனியைக்கூடச் சமாளித்துவிடலாம். பேச ஆளில்லாமல் பகல் முழுக்க வீட்டில் கிடப்பதுதான் பெரும்பாடு. அப்படி வெளியே கிளம்பிய ஒருநாள், ஈரி ஏரிக்கரையில் ஈரி கால்வாய் தொடங்குகிற இடத்திலிருந்த பெரிய மரக்கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பெரியப்பாவுக்கு மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணியில் பங்கு உண்டு. அதனால் வெள்ளைத்தாடிப் பெரியவர் ஒருவர் தண்ணீர் புகாதபடி பலகை இடுக்கில் திரியை வைத்து, உளியால் அழுத்திச் சுத்தியால் தட்டுவதைப் பார்த்ததும் கால் நகரவில்லை. ‘எங்கள் ஊரிலும் இப்படித்தான் கலப்பத்து அடிப்பார்கள்’ என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். எந்த மரம், எந்த எண்ணெய், மாலத்தீவுக்கு எத்தனை நாள் என்று ஒரே கேள்வி. பஃபலோவில் என் ஊரைப் பற்றி ஒருவர் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல்தடவை.

அவர்கள் கட்டியது ஒரு பழைய படகின் நகல். பெயர் செனிகா சீஃப், 73 அடி நீளம். அசல் படகு 1825 அக்டோபர் 26 அன்று நியூயார்க் மாநில ஆளுநர் டிவிட் கிளின்டனோடு இங்கிருந்து புறப்பட்டது. ஈரி கால்வாய் திறப்பு விழா அது. 363 மைல் கால்வாயைக் கடந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கி, நவம்பர் 4 அன்று நியூயார்க் நகரில் ஈரி ஏரித் தண்ணீரைக் கடலில் ஊற்றினார் கிளின்டன். படகு கிளம்பிய செய்தியை வழிநெடுகப் பீரங்கி வெடித்தே நியூயார்க்குக்குச் சொல்லியிருக்கிறார்கள்!

200 ஆண்டு நிறைவுக்காகக் கட்டிய நகல் 2025 செப்டம்பர் 24 அன்று அதே வழியில் கிளம்பியது. வழியனுப்ப ஊரே துறைக்கு வந்துவிட்டது மாதிரி இருந்தது. எனக்கு மேடைப்பேச்சில் மனம் ஒட்டவில்லை. வேலை செய்த 200க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் தெரிந்த முகங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் தாடிக்காரர் கூட்டத்துக்குள் நின்று, தான் அடித்த பலகை எதுவென்று பேரனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். படகுக்கு இயந்திரம் கிடையாது. அந்தக் காலத்தில் கரையில் நடந்த குதிரைகள் இழுத்தன, இப்போது இழுவைப் படகு.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. படகுக்கு இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான செனிகா மக்களின் பெயரை வைத்தார்களே தவிர, கால்வாய் வந்து குடியேற்றம் பெருகியதில் அவர்களும், அவர்கள் சேர்ந்த ஹோடனோஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பின் மற்ற மக்களும் நிலத்தை இழந்தார்கள். இந்தமுறை அதை மூடி மறைக்கவில்லை. நின்ற ஊர்களில் அவர்களின் சமாதான மரமான வெள்ளைப் பைன் கன்றுகளை நட்டபடியே போனார்கள். கன்று நட்டால் நிலம் திரும்பிவிடாது, சரி. ஆனாலும் விழா எடுக்கிற நேரத்தில் இதைப் பேசவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

இப்போது நானும் சனிக்கிழமைகளில் சின்னப் படகு கட்டுகிற வேலைக்கு உதவப் போகிறேன். உப்புத்தாள் தேய்ப்பதுதான் என் பங்கு. போனில் அம்மாவிடம் சொன்னேன். ‘ஏளா, தோணி கட்டவா உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பினோம்? இங்கேயே பெரியப்பாகிட்டச் சொல்லியிருந்தா சம்பளமாவது கொடுத்திருப்பாரே!’