வலி இல்லாத நாளில் குடலை எடுக்கச் சம்மதித்தேன்

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்சவ்வில் அழற்சியும் புண்ணும் வரும் நோய், என்று கண்டுபிடித்தது 2003ல். அப்போதுதான் குன்னூரில் தையல் கடை போட்டிருந்தேன். ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டே இருக்கும். மூலம் என்று சொல்லி கருணைக்கிழங்கு லேகியமெல்லாம் கொடுத்துப் பார்த்த பிறகு, கோயம்புத்தூரில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மலக்குடலில் ஆரம்பித்துப் பெருங்குடல் முழுக்கப் புண். ஸ்டீராய்டு, பிறகு மெசலமின், பிறகு அசதயோபிரின். அந்த வருஷங்களைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது தெரிந்ததுதான்.

எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. மருந்து ஒத்துக்கொண்டு, நோய் அடங்கி, கல்யாண வீட்டில் கக்கூஸ் எங்கே என்று விசாரிக்காமல் பந்தியில் உட்காரும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் டாக்டர் புற்றுநோய்ப் பேச்சை எடுத்தார். நோய் தொடங்கி எட்டு வருஷம் ஆகிவிட்டால், உடம்பு நன்றாக இருந்தாலும் கண்காணிப்பு கொலோனோஸ்கோபி (பின்வழியாகக் கேமரா ஸ்கோப் விட்டுக் குடலைப் பார்ப்பது) ஆரம்பிக்க வேண்டுமாம். வருஷக்கணக்கில் புண்பட்டு ஆறிய குடல் சவ்வில் செல்கள் மெல்ல மாறலாம். மற்றவர்களுக்கு வரும் குடல் புற்று பெரும்பாலும் பாலிப் என்ற சின்னக் கட்டியாக எழும்பிக் கண்ணில் படும். இதுவோ தட்டையாகவே பரவலாம், கேமராவுக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

எவ்வளவு ஆபத்து என்று கேட்டேன். 2001ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் 10 வருஷத்தில் 2 சதவீதம், 20ல் 8, 30ல் 18 என்று கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் இதைவிடக் குறைவாகத்தான் வருகிறது என்பதையும் அவரே சொன்னார். புண் மலக்குடலோடு நின்றுவிட்டால் பயம் ஏறக்குறைய இல்லை. குடல் முழுக்கப் பரவியவர்களுக்கும், பித்தநாளத்தில் பிஎஸ்சி என்ற நோய் சேர்ந்தவர்களுக்கும், நெருங்கிய சொந்தத்தில் குடல் புற்று இருப்பவர்களுக்கும் கூடுதல். நான் முதல் வகை.

மலையில் இருப்பவர்களுக்கு கொலோனோஸ்கோபியில் கஷ்டம் ஸ்கோப் இல்லை, ரோடு. முந்தின நாள் சாயங்காலமே பேதி மருந்தை லிட்டர் கணக்கில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க முடியுமா? அதனால் முதல் நாளே இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்து, அங்கேதான் குடிப்பேன். அறைக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறதா, தண்ணீர் நிற்காமல் வருமா என்று போனிலேயே கேட்டுக்கொள்வேன். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வாங்கவே மாட்டேன். பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அன்றைக்கு ஸ்கோப்பும் போச்சு, லாட்ஜ் பணமும் போச்சு. நோய் கிளம்பியிருக்கும்போதும் இந்தப் பரிசோதனை சரிப்படாது. புண்ணான சவ்வில் எது வீக்கம், எது செல் மாற்றம் என்று பிரித்துச் சொல்வது, சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பெத்தாலஜிஸ்ட்டுக்கே கடினம்.

2022 ஸ்கோப்பில் வெளிப்பார்வைக்கு எல்லாம் சுத்தம். ஆனால் பத்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை கிள்ளி எடுத்த சதைத்துணுக்குகளில், இரண்டு இடத்தில் லோ கிரேட் டிஸ்ப்ளேசியா, அதாவது லேசான செல் மாற்றம். புற்று இல்லை, அதற்கு முந்தின படி. கண்ணுக்குத் தெரியும் கட்டியாக இருந்திருந்தால் ஸ்கோப் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டு, அடிக்கடி பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடம், ஒன்றும் கண்ணில் படவில்லை. அதுதான் சிக்கல். ஸ்லைடுகளை இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார். சாயம் தெளித்து மறுபடி ஸ்கோப் செய்தார்கள். அதிலும் கட்டி எதுவும் இல்லை, கிள்ளி எடுத்த சதையில் (பயாப்சி) மட்டும் மறுபடி டிஸ்ப்ளேசியா.

"அவசரம் இல்லம்மா. சில மாசத்துக்கு ஒரு தடவ பாத்துட்டே இருக்கலாம், இல்லன்னா பெருங்குடல எடுத்துடலாம். ரெண்டுமே தப்பு கிடையாது," என்றார் சர்ஜன்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அதைவிடக் கஷ்டமான பேச்சு வேறில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் குடலை எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தீபாவளிக்கு ராத்திரி முழுக்க ரவிக்கை தைக்கிறேன். ஒரு தாளில் எழுதியிருப்பதை நம்பி வயிற்றைத் திறக்க வேண்டும். கோத்தகிரியில் இருக்கும் அண்ணன், "நல்லா இருக்கிற ஒடம்புல எதுக்கும்மா கத்தி வைக்கணும்?" என்று போன் போட்டுப் போட்டுக் கேட்டார். வீட்டுக்காரர் மட்டும், "உனக்கு எதுல தூக்கம் வருமோ அதச் செய்யி," என்றார்.

டாக்டரிடம் கேட்டதில் எனக்கு உதவிய கேள்வி ஒன்றுதான். "ஸ்கோப்புல தெரியாததத் திரும்பத் திரும்ப ஸ்கோப்புலயே தேடறோமே, டாக்டர்?" அவர் சிரிக்கவில்லை. "ஆமா, அதுதான் இதுல இருக்கிற குறை," என்றார். அன்றைக்கே பாதி முடிவு ஆகிவிட்டது.

மீதிப் பாதி, பையா பவுச்சா என்பது. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளேயே ஒரு பவுச் தைத்து ஆசனவாயோடு சேர்க்கலாம். இடையில் சில மாதம் தற்காலிகமாகப் பை இருக்கும், அப்புறம் பழையபடி பின்வழியாகவே போகலாம். இல்லாவிட்டால் சிறுகுடல் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து நிரந்தரமாக ஒரு வாய் (ஸ்டோமா) வைத்துப் பை மாட்டிக்கொள்ளலாம். சர்ஜனுக்குப் பவுச் பக்கம்தான் சாய்வு. பவுச் வைத்தாலும் ஒரு நாளைக்கு நாலிலிருந்து எட்டு தடவை போக வேண்டியிருக்கும், பவுச்சிலேயே அழற்சி வரலாம், மலக்குடலில் மிச்சம் விடும் சின்ன விளிம்பை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. குழந்தை பெற வேண்டிய வயதுப் பெண்ணாக இருந்தால் வேறு கணக்குகள் உண்டு. இடுப்புக்குள் செய்யும் இந்த ஆபரேஷன் கருத்தரிப்பைப் பாதிக்கலாம். என் பையன் காலேஜ் முடித்துவிட்டான். பை என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் வந்து, படுக்க, உட்கார, குனிய வைத்து வயிற்றில் பேனாவால் குறி போட்டார். நான் பாவாடையைக் கட்டிக் காட்டி, நாடா எங்கே இறுக்குகிறது என்று காட்டினேன். அவர் குறியை நாடாவுக்குக் கீழே இறக்கினார். இதைச் செய்யாமல் போயிருந்தால் தினமும் நாடா ஸ்டோமாவை அறுத்துக்கொண்டிருக்கும். சேலை கட்டுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எடுத்த குடலின் ரிப்போர்ட் வந்தது. மூன்று இடத்தில் லோ கிரேட், புற்று எங்கும் இல்லை. "அப்ப சும்மாதான எடுத்தாங்க?" என்றார் அண்ணன். புற்று வந்த பிறகு எடுத்திருந்தால் நெறிக்கட்டி, கீமோ என்று பேசிக்கொண்டிருப்போம் என்றேன். இன்றைக்கும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நிரூபிக்க என்னிடமும் ஒன்றும் இல்லை.

ஆசனவாயை மூடித் தைத்த பின்பக்கத் தையல் ஆற நாளானது. மிஷினில் உட்கார முடியாததுதான் பெரிய வேதனை, வயிறு அவ்வளவாக நோகவில்லை. பையைத் தோலில் ஒட்டும் தட்டில் ஸ்டோமாவுக்கு ஓட்டை வெட்டுவது மட்டும் எனக்குக் கைவந்த வேலை. வளைந்த கத்தரியால், ஸ்டோமாவைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக. முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், அதனால் ஒவ்வொரு முறையும் அளவெடுத்து வெட்ட வேண்டும். பழைய அளவிலேயே வெட்டினால் இடைவெளியில் மலம் பட்டுத் தோல் வெந்துவிடும்.

குளிரில் தண்ணீர் குடிக்க நமக்கு ஞாபகமே வராது. பெருங்குடல் இல்லாவிட்டால் உப்பும் நீரும் அப்படியே வெளியே போய்விடும். வெறும் தண்ணீரும் டீயும் போதாது, ஓஆர்எஸ் வேண்டும். நானும் ஒருமுறை தலைசுற்றி விழுந்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டேன். பச்சை காரட், காளான், சோளம் எல்லாம் அடைத்துக்கொள்ளும், வேகவைத்து நன்றாக மென்றுதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்புவது போல மலை ஏறும்போது பையும் உப்பும். பஸ் ஏறுமுன் காற்றை விட்டுவிடுவேன்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த கூடலூர்ப் பெண் பவுச் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகாதவள், மருந்தெல்லாம் பலிக்காமல் வந்தவள். ஒரு நாளைக்கு ஆறு தடவை போகிறாளாம், சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். என்னைப் பாவம் என்கிறாள், நான் அவளைப் பாவம் என்கிறேன். வருகிற மாதம் அவளுக்கு ஸ்கோப். எந்த லாட்ஜில் பாத்ரூம் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாள், நம்பர் அனுப்பிவிட்டேன்.