மாசிக்காய் மையில் ஒரு காதல் கடிதம்

பழைய கடிதங்களை அந்தந்தக் காலத்து மையிலேயே படியெடுத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இம்முறை ஜான் ஹோவர்ட் பெய்ன். (பேன் என்று எழுதினால் தலை அரிக்கிறது.) 1791இல் நியூயார்க்கில் பிறந்து, 1813இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, 20 ஆண்டுகள் போல லண்டனிலும் பாரிஸிலும் நாடகம் எழுதிக் காலம் தள்ளியவர். கடனுக்காகச் சிறையும் பார்த்தவர்.

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் (ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் புடைப்பு) 30 கிராம், அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) 20, கருவேலம் பிசின் 10 வாங்கினேன். "குழந்தைக்கு உரை மருந்தா?" என்றார் கடைக்காரர். மை காய்ச்ச என்றதும் ஒருமாதிரியாகப் பார்த்தார். மாசிக்காயை இடித்து 300 மில்லி தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டினேன். தேநீர் நிறத்தில் இருந்த சாறு, அன்னபேதி விழுந்த நொடியில் கறுத்தது. பிசின் கரைவதற்குள் அவசரப்பட்டு எழுதியதில் எழுத்தெல்லாம் ஊறிப் பரவியது. மறுநாள் சரியாகிவிட்டது: எழுதும்போது சாம்பல், காற்றுப் பட்டதும் கறுப்பு.

இறகுதான் படுத்தியது. சூடான மணலில் வாட்டிக் கெட்டிப்படுத்தாமலே சீவிய இரண்டு வாத்திறகுகளும் நுனி பிளந்தன. மூன்றாவதை மணலில் வாட்டிய பிறகே கத்திக்கு வழிவிட்டது.

படியெடுத்தது, 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதிய மேரி ஷெல்லிக்கு 1825இல் பெய்ன் எழுதிய கடிதம் ஒன்று. 1907இல் பாஸ்டனில் அச்சேறியது. பெய்னின் காதலை மேரி ஏற்கவில்லை. மேரியின் மனம் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் பக்கம் சாய்வதாகப் பெய்னுக்குப் பட்டது. இர்விங்கோ பெய்னுடன் சேர்ந்து நாடகம் எழுதிய நண்பர். மேரியின் கடிதங்களோடு, தான் அவருக்கு எழுதியவற்றின் படிகளையும் சேர்த்து இர்விங்கிடமே கொடுத்துவிட்டார் பெய்ன்.

இதை முன்பே படித்திருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துக் கடந்துபோனேன். ஒரு பக்கத்துக்கு 1 மணி 40 நிமிடம் ஆனபோதுதான் உறைத்தது. நாலு சொல்லுக்கு ஒருமுறை மை தொட வேண்டும். ஒவ்வொரு சொல்லும் கண்ணில் பட்டுத்தான் கை வழியே இறங்கும். பலிக்காத தன் காதலை இன்னொருவன் படிப்பதற்காக இப்படிச் சொல் சொல்லாகப் படியெடுப்பதா? பெருந்தன்மையோடு கொஞ்சம் நாடகக்காரரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

படுக்கப்போகும் முன் அந்தக் கடிதங்களைப் படித்ததாக இர்விங்கின் 1825 ஆகஸ்ட் நாட்குறிப்பில் ஒரு வரி. அவ்வளவுதான்.

அடுத்தது மடிப்பு. அன்று தாள் எண்ணிக்கைக்கும் தபால் கூலி உண்டு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் கடிதத்தையே உறையாக மடித்து அரக்கு வைப்பார்கள். அரக்கு கிடைத்துவிட்டது, முத்திரைக்கு ஏதாவது தேட வேண்டும்.