பீதரில் முளைத்த ஜமைக்கா ஆர்க்கிட்

ஆர்க்கிட் பைத்தியம் முற்றினால் செடி வளர்ப்பதோடு நிற்காது. செத்த செடிகளின் கணக்கையும் பார்க்கச் சொல்லும். அப்படித்தான் போன மாதம் ஒரு ராத்திரி, பிராட்டோனியா சாங்குவினியாவின் ஹெர்பேரியம் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம்) பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இது ஜமைக்காவில் மட்டுமே இயற்கையாக வளரும் ஆர்க்கிட். சாங்குவினியா என்றால் ரத்தச் சிவப்பு. ஹெர்பேரியம் தாளின் படத்தில் பார்த்தால் பூ பழம்புளி நிறத்தில் இருக்கிறது. பெயரிலும் குழப்பம்தான். 1788இல் தாவரவியலாளர் ஸ்வார்ட்ஸ் இதை எபிடெண்ட்ரம் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1813இல் ராபர்ட் பிரவுன் பிராட்டோனியாவாக்கினார். பழைய தாள்களில் பழைய பெயர், பக்கத்தில் திருத்தச் சீட்டு. போதாததற்கு, ஒரே செடியிலிருந்து எடுத்த மாதிரிகளை நாலு ஊர் ஹெர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்பியிருப்பார்கள். ஒன்று நாலாகிவிடும். ரேஷன் கார்டு மாதிரி.

சில சீட்டுகளில் இடம் என்று 'ஜமைக்கா' மட்டும். அதுகளை ஒதுக்கினேன். மற்றதை எக்செலில் சுத்தம் செய்து வரைபடத்தில் போட்டேன். புள்ளிகள் எல்லாம் கர்நாடகாவில் பீதரைச் சுற்றி!

எனக்குக் கை நடுங்கியது. இந்தியாவில் பிராட்டோனியா! பீதரில் வேலை பார்க்கும் நண்பனை ராத்திரி பதினொன்றரைக்கு எழுப்பினேன்.

"டேய், உங்க ஊர்ல மரத்து மேல சிவப்பா ஏதாவது பூத்திருக்கா?"

"குடிச்சிருக்கியா?"

"கோட்டைப் பக்கம் பாருடா."

"கோட்டைச் சுவத்துல அரசங்கன்னுதான்டா முளைச்சிருக்கு" என்று வைத்துவிட்டான்.

சீட்டில் தப்பாக எழுதிவைத்த எவனோ ஒரு குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டே பழைய படங்களைப் புரட்டினேன். குமாஸ்தா ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்: பதினெட்டு டிகிரி வடக்கு, எழுபத்தேழரை டிகிரி மேற்கு. மேற்கு என்றால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் போட வேண்டும். தசமமாக மாற்ற நான் எழுதிய ஃபார்முலா அதை விழுங்கிவிட்டது. ஜமைக்காவின் மாண்டெவில்லில் இருக்க வேண்டிய புள்ளி, பூமியைப் பாதி சுற்றி பீதருக்கு வடக்கே வந்து இறங்கியிருக்கிறது. ஒரு சின்னக் கோடு!

மைனஸ் போட்டேன். அத்தனையும் ஒரே தாவில் கரீபியனுக்குத் திரும்பின. மூன்று மட்டும் கடலில் விழுந்தன. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

நண்பனுக்குச் சொல்ல மறந்துபோனேன். மறுநாள் மத்தியானம் வாட்ஸப்பில் வரிசையாகப் பதினேழு படம். எல்லாம் காகிதப்பூ. கீழே, "லீவு போட்டுட்டு அலைஞ்சேன். இதுல எதுடா உன்னோடது?"