வங்கித் தேர்வு ஆங்கிலம்: ‘ஃபேர்’ எங்கே என்ன பொருள் தரும்?

வங்கித் தேர்வுக்கும், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கிற தம்பி தங்கைகள், தினமும் எத்தனை புதுச் சொல் படிக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தமிழ் வழியில் படித்து இந்தத் தேர்வுகளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: புதுச் சொல்லைவிட, தெரியும் என்று தாண்டிப் போகிற பழைய சொல்தான் மதிப்பெண்ணைத் தின்கிறது.

‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையை ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’ என்பதால் ‘நியாயமான’ என்ற பொருள் எல்லோருக்கும் பழக்கம். விளம்பரங்களால் ‘வெளுத்த நிறம்’ என்பதும் தெரியும். (ஒரு பிரபல முகப்பூச்சு 2020-இல் தன் பெயரிலிருந்தே இந்தச் சொல்லை எடுத்துவிட்டது. நல்ல காரியம்.) ரஃப் நோட்டிலிருந்து பார்த்து எழுதுகிற ‘ஃபேர் காப்பி’ பள்ளியிலேயே வந்துவிடும்.

சிக்கல் வருவது அளவைச் சொல்லும் இடத்தில். காம்ப்ரிஹென்ஷன் பத்தியில் ‘எ ஃபேர் அமௌன்ட் ஆஃப் மணி’ என்று இருந்தால் அது கணிசமான தொகை. அதில் நியாய அநியாயப் பேச்சே இல்லை. ‘எ ஃபேர் நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்’ என்றால் விவசாயிகள் நிறையப் பேர். அதற்குப் பன்மை வினை, அதாவது ‘ஹேவ்’ வர வேண்டும். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ‘ஹேஸ்’ போட்டிருந்தால் அங்கேதான் பிழை. இதே சொல் தரத்தைச் சொல்ல வரும்போது கீழே இறங்கிவிடும். ‘ஹிஸ் இங்கிலீஷ் இஸ் ஃபேர்’ என்றால் சுமார், மோசமில்லை, அவ்வளவுதான். குட், ஃபேர், புவர் என்கிற வரிசையில் இதற்கு நடு இடம்.

எதிர்ச்சொல் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். நியாயத்துக்கு ‘அன்ஃபேர்’, நிறத்துக்கு ‘டார்க்’, வானிலைக்கு ‘ஃபவுல்’. ‘ஃபேர் வெதர்’ என்பது மழையில்லாத, தெளிந்த வானிலை.

அப்புறம் ‘ஃபேர்லி’. நல்லதைச் சொல்ல ‘ஃபேர்லி குட்’, பிடிக்காததைச் சொல்ல ‘ராதர் பேட்’ என்பது இலக்கணப் புத்தகங்கள் காட்டும் வழக்கம். தேர்வுக்கு இதைப் பிடித்துக்கொள்ளலாம். பஸ் கட்டணத்துக்கான ‘ஃபேர்’ ஒலியில் இதேதான். எழுத்தில் நடுவே ‘ஐ’ கிடையாது, கடைசியில் ‘இ’ வரும்.

நோட்டில் ‘ஃபேர் = நியாயம்’ என்று ஒற்றை வரியாக எழுதாதீர்கள். ‘ஃபேர் பிரைஸ்’, ‘ஃபேர் நம்பர்’, ‘ஃபேர் வெதர்’ என்று பக்கத்துப் பெயர்ச்சொல்லோடு ஜோடியாக எழுதுங்கள். ‘ஹார்ட்’, ‘ஃபைன்’, ‘சவுண்ட்’ போன்ற சொற்களுக்கும் இதே முறை உதவும். வங்கி எழுத்தர் வேலைக்கான ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 20 நிமிடம், 30 கேள்வி. ஒவ்வொரு தவறுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். அங்கே எல்லா விடைகளையும் புரட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள், அப்புறம் விடைகளுக்கு வாருங்கள்.