மாலோ ஊர் மெட்டும் என் வலது கையும்

எங்கள் பாட்டி கடைசிவரை வயலினைப் பிடில் என்றுதான் சொன்னார். அயர்லாந்துக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள் என்பது இந்த ஏழு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். சின்ன வயதில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்று, பிளஸ் டூவில் விட்டவன் நான். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சொல் அமைத்த நோட்டுஸ்வரங்களில் ‘வந்தே மீனாக்ஷி’ மட்டும் விரலில் தங்கியிருந்தது. அதன் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து மெட்டு, மாலோ என்பது கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர் என்று தெரிந்ததும், சரி, அந்தப் பக்கத்து ஆட்கள் வாசிப்பதுபோல வாசித்துப் பார்ப்போமே என்று பெட்டியைத் திறந்தேன்.

முதல் நாளே ஒரு தந்தி போனது. கர்நாடக முறையில் ஸ-ப-ஸ-ப என்று இறக்கிச் சேர்த்திருந்த மேல் தந்தியை மேற்கத்திய ‘ஈ’ ஸ்வரம் வரை முறுக்கினேன், பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. அவர்களுக்கு ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொரு தந்தியும் முந்தியதற்குப் பஞ்சமம். சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்தவன் நாற்காலிக்கு மாறியதில் மூன்று வாரம் கழுத்துவலி.

அப்புறம் ரோல் என்ற அலங்காரம். ஒரு ஸ்வரத்தை வாசித்து, மேலே ஒரு விரல் தட்டு, கீழே ஒரு தட்டு, மறுபடி அதே ஸ்வரம். தட்டும் ஸ்வரம் தனியாகக் காதில் விழவே கூடாது. மிருதங்கத்தில் விரல் பட்டு எடுப்பதுபோல இருந்தால் போதும். என் விரலோ தட்டாமல் வழுக்கியது. போனில் பதிவு செய்து கேட்டால், ஒவ்வொரு ரோலும் அரைகுறைக் கமகம், அதாவது கர்நாடக இசையில் ஸ்வரத்தை இழைத்து அசைப்பது. இதற்கே இரண்டு மாதம் போனது.

இடது கை ஒருவழியாக அடங்கியபின்தான் உண்மையான சிக்கல் வலது கையில் இருப்பது புரிந்தது. ஊருக்கு ஊர் பாணி மாறுவது பெரும்பாலும் வில்லில்தான். வடமேற்கில் இருக்கும் டோனிகாலில் பெரும்பாலும் ஸ்வரத்துக்கு ஒரு வில்: வெட்டு வெட்டாக, துடிப்பாக. அந்த ஊர்க்காரர்கள் அறுவடைக் கூலி வேலைக்கு ஸ்காட்லாந்து போய்வந்தவர்கள், அதனால் ஸ்காட்லாந்து வாசனையும் உண்டு. தகர வேலை செய்துகொண்டே ஊர் ஊராகச் சுற்றி வாசித்த ஜான் டோஹர்ட்டியைக் கேட்டால் தெரியும். ஸ்லைகோவில் வேறு மாதிரி: இரண்டு மூன்று ஸ்வரங்களை ஒரே வில்லில் கோத்து, வழவழவென்று, அலங்காரம் அதிகம். அங்கே பிறந்து 1914-இல் அமெரிக்கா போன மைக்கேல் கோல்மன் நியூயார்க்கில் பதிவு செய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பி வந்து, பல ஊர்களில் ஸ்லைகோ பாணியையே பிடிக்க வைத்துவிட்டன. எனக்கு அவர் வாசிப்பு மிகவும் பிடிக்கும். ஆனால் அதனால் மங்கிப்போன ஊர்ப் பாணிகளை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது ஸ்லீவ் லூக்ராவை. மாலோவுக்கு மேற்கே, கார்க்-கெர்ரி எல்லையில் உள்ள மேட்டு நிலம், போல்கா என்ற துள்ளல் நடன மெட்டுக்குப் பேர்போனது. அங்கே பாட்ரிக் ஓகீஃப் (1887–1963) என்றொருவர். பள்ளி ஆசிரியர் வேலை போனபின் வீடு வீடாக நடந்துபோய்ப் பிடில் சொல்லிக்கொடுத்தவர். டெனிஸ் மர்ஃபி, அவர் அக்கா தங்கைகளில் ஒருவரான ஜூலியா கிளிஃபோர்ட் எல்லாம் இவரிடம் கற்றவர்கள். மேற்கத்திய நொடேஷன் தெரியாத பிள்ளைகளுக்காக அவரே ஒரு முறை வைத்திருந்தார். ஐந்து கோடுகளுக்கு நடுவே உள்ள நான்கு இடைவெளி நான்கு தந்தி. அதில் எழுதும் எண், விரல். வெறுந்தந்தி என்றால் பூஜ்யம். நானும் அந்த நொடேஷன் படிக்கத் தெரியாதவன்தானே! ஒரு நோட்டுப் புத்தகத்தில் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’வை அப்படியே எழுதிவைத்து வாசித்தேன்.

ஸ்வரம் எல்லாம் சரி, போல்காவாக இல்லை. ஸ-வுக்கும் க-வுக்கும் தாவித் தாவிப் போகும் அந்த மெட்டில், என் வில் தட்டு விழும் இடத்தில் அழுத்தியது. தாளம் போட்டே வளர்ந்த கை. போல்காவுக்கு வீச்சில், அதாவது இரண்டு தட்டுக்கு நடுவே, அழுத்த வேண்டும்; தட்டில் வில் சும்மா கடந்து போக வேண்டும். வலது காலால் தட்டைப் போட்டுக்கொண்டே, வில்லுக்கு வீச்சை மட்டும் கொடுத்து, வெறுந்தந்தியிலேயே தினமும் இருபது நிமிடம் இழுத்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முழு மெட்டையும் நிறுத்தாமல் நான்கு முறை வாசித்தேன். உள்ளே வேலையாக இருந்த மனைவி எட்டிப் பார்த்து, “வந்தே மீனாக்ஷிதானே? தாளம் தப்புதே” என்றாள். போனில் கேட்டுப் பார்த்தேன். தப்பவில்லை, முதல் முறையாக வீச்சில் விழுந்திருந்தது.