பரணில் பதிவிளக்குகள்: வேலைக் குறிப்புகள்

மார்ச் 8, சனி

கூடத்துக் கூரையில் பதித்திருக்கும் பழைய விளக்குகளுள் ஒன்று, ஏற்றிய சிறிது நேரத்தில் தானாக அணைந்து, பிறகு தானாகவே எரிகிறது. பல்பை மாற்றியும் அந்தப் போக்கு மாறவில்லை. இத்தகைய விளக்குக்கூட்டுக்குள் வெப்பத்தை உணரும் சிறு பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. அளவுக்கு மீறிச் சூடேறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும், சூடு தணிந்தபின் மீண்டும் இணைக்கும். ஆகவே, விளக்கு இவ்வாறு அணைந்து அணைந்து எரிவதைப் பழுது என்று ஒதுக்காமல், மேலே ஏதோ சூட்டை அடைத்துவைத்திருக்கிறது என்ற எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும்.

பரணில் ஏறிப் பார்த்தபோது காரணம் கண்முன்னே கிடந்தது. வீட்டுக்குள் வெப்பம் புகாமலும் வெளியேறாமலும் தடுக்கும் கண்ணாடியிழை இன்சுலேஷன் போர்வையை விளக்கின் தலைமீதே விரித்திருந்தார்கள். அதைத் தூக்கிப் புரட்டினால், அடிப்பக்கத்துக் காகிதத்தில் விளக்குமூடி பட்ட இடம் மட்டும் வட்டமாகக் கருத்து, விரல் பட்டதும் நொறுங்கியது. கண்ணாடியிழை எளிதில் தீப்பற்றாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் பற்றும்.

மார்ச் 9, ஞாயிறு

விளக்குக்கூட்டின் உட்புறச் சீட்டைப் படித்தேன். இன்சுலேஷன் தொடலாம் என்பதைக் குறிக்கும் 'ஐ.சி.' முத்திரை அதில் இல்லை. அந்த முத்திரை இல்லாத விளக்குக்கு அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பு இரண்டு இடைவெளிகளைச் சொல்கிறது: இன்சுலேஷன் சுற்றிலும் குறைந்தது 3 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும், விளக்கின் மேலே இருக்கவே கூடாது, மரம் முதலான எரியக்கூடிய பொருள்கள் அரை அங்குலமாவது விலகியிருக்க வேண்டும்.

போர்வையை வெட்டி இடைவெளி விட்டுவிட்டால் விதி நிறைவேறும்தான். ஆனால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் காப்பில்லாத ஒரு பள்ளம் விழுந்துவிடும். பழைய கூட்டின் துளைகள் வழியாக அறையின் வெதுவெதுப்பான காற்றும் ஈரமும் பரணுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இன்சுலேஷனைத் தளர்துகள்களாக நிரப்பிய பரணாக இருந்தால், நாளடைவில் துகள்கள் சரிந்து அந்த இடைவெளியையும் மூடிவிடும். எனவே, ஐ.சி. முத்திரையும் காற்றுக் கசியாத் தரமும் ஒருங்கே உடைய எல்.இ.டி. விளக்குகளையே வாங்க முடிவுசெய்தேன். அந்தக் கசிவுத் தரத்தின்படி, 75 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் நிமிடத்துக்கு 2 கன அடிக்கு மேல் காற்று கசியக் கூடாது.

எல்.இ.டி.தானே, சூடே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம் வரும் முகத்தில் சூடு குறைவு என்பது உண்மை. பின்புறத்தில், எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரும், சூட்டை வெளியேற்றும் வெப்பக் கடத்தியும் சூடாகத்தான் செய்யும். ஐ.சி. முத்திரை இல்லாத எல்.இ.டி. விளக்குக்கும் அதே 3 அங்குல விதிதான்; டிரைவர் தனியாக இருந்தால் அதற்கும் அந்த இடைவெளி வேண்டும்.

மார்ச் 15, சனி

பிரேக்கரை அணைத்து, அதன்மேல் ஒரு குறிப்புச் சீட்டை ஒட்டினேன். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, அடுத்து விளக்கின் வயர்களில் சோதித்து, மறுபடியும் முதலிடத்திலேயே சரிபார்த்தேன்; கெட்டுப்போன டெஸ்டர் காட்டும் 'மின்சாரம் இல்லை' என்பதை நம்பி வயரைத் தொடுவதைவிட ஆபத்து வேறில்லை.

பரணில் உத்தரங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல்தான் நகர்ந்தேன். இடையிலுள்ள ஜிப்சம் பலகை ஆள் பாரம் தாங்காது. முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பரணில் போர்வைக்குப் பதிலாகப் பளபளக்கும் சிறு கூழாங்கற்கள் போன்ற வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள்கள் கிடந்தால், அதைக் கிளறாமல் கீழே இறங்கிவிடுவதே முறை. பழைய வெர்மிகுலைட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும்.

புதிய விளக்கின் சீட்டில் 90 டிகிரி செல்சியஸ் தாங்கும் வயர் வேண்டும் என்றிருந்தது. வீட்டு வயரின் உறையில், அந்தச் சூட்டைத் தாங்கும் வகை என்பதைக் குறிக்கும் 'என்.எம்.-பி' என்ற அச்சைப் பார்த்த பிறகே இணைத்தேன். 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய வயர்கள் பெரும்பாலும் 60 டிகிரிக்கு உரியவை. இணைப்புகள் யாவும் விளக்கோடு வரும் ஜங்ஷன் பெட்டிக்குள் அடங்கி, மூடி பொருந்திய பிறகே அடுத்த விளக்குக்குப் போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

கூரைத் துளைக்கும் விளக்கின் விளிம்புக்கும் இடையே ரப்பர் வளையம் சீராகப் படிந்திருப்பதைக் கீழிருந்து தடவிப் பார்த்துவிட்டு, கருகிய துண்டை நீக்கிப் புதிய போர்வையைப் பரப்பினேன். காகிதப் பக்கம் கீழே இருக்க வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. நசுங்கிய இன்சுலேஷன் சரியாகக் காப்பதில்லை. நுரையாகத் தெளித்து இறுகும் காப்பைப் பயன்படுத்துவோர் கவனிக்க: ஐ.சி. முத்திரை இருப்பதாலேயே அந்த நுரையை விளக்கின்மேல் நேரடியாகத் தெளிக்கலாம் என்று பொருளில்லை. உற்பத்தியாளர் குறிப்பு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே தெளிக்கலாம்.

மாலையில் எல்லா விளக்குகளையும் மணிக்கணக்கில் எரியவிட்டேன், எதுவும் அணையவில்லை. குளியலறை விளக்கு மட்டும் பாக்கி. அங்கே ஐ.சி. முத்திரையோடு, ஈரம் தாங்கும் தரமும் சீட்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், அதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டும்.